வாட்டம் இல்லாத தரை

தரை என்றால் சமமாகத்தான் இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டியவன், பாதி ஆயுளைப் பாலைவனத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் கழித்துவிட்டுத் திரும்பியவன், இன்னும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறவன். இருந்தும் இப்படி ஒரு நம்பிக்கை. யாராவது வந்து “உங்க ஊட்டுத் தரை சாஞ்சிருக்குது” என்று சொல்லியிருந்தால் அவர் வாயைத்தான் முகர்ந்து பார்த்திருப்பேன்.

இந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு பில்லியர்ட்ஸ் மேசை. பாலைவனத்து கேம்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்றே ஒன்று: கம்பளம் விரித்து, ஏசி ஓடி, நடுவில் பச்சை மேசை போட்டிருந்த ஓர் அறை. கோலைப் பிடித்துக்கொண்டு அங்கே குனிந்து நிற்கிற நேரத்தில் மட்டும் எவனும் என்னிடம் ஸ்டோர் சாவி கேட்கமாட்டான். ஊருக்கு வந்து, திண்டிவனத்தில் டயர் கடை போட்டு உட்கார்ந்த பிறகு, விட்டுவிட்டு வந்தவற்றில் திரும்ப வேண்டும் என்று தோன்றியது அது மட்டும்தான். புதுச்சேரியில் ஒரு லாட்ஜை இடிக்கப் போகிறார்கள், அங்கே கல் பலகை வைத்த பழைய மேசை ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பேசி முடித்தேன். பந்துகளைக் கையோடு கொடுத்தார்கள். மேசை பின்னால் வரும். அதற்குள் அறையில் தரை போட்டு வைக்கவேண்டும்.

அறை, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ரோட்டைப் பார்த்துக் கட்டி, தரை போடாமல் கிடந்தது. மனை மாமனார் கொடுத்தது. பத்திரம் என் மனைவி பேரில். அந்த அறை மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. என் மனைவியின் அண்ணன், விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்தால் அந்த அறையில்தான் திறப்பேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் இடையில் சண்டை எதுவும் நடந்ததில்லை. நடந்திருந்தால் என்றைக்காவது சமாதானம் ஆகியிருப்போம். கல்யாணத்தன்று தொடங்கி அவர் எனக்கு மரியாதை கொடுத்தே கொன்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு ‘ங்க’வும் ஒரு குண்டூசி.

டைல்ஸ் வேறெங்கேயும் வாங்கக்கூடாது, அண்ணன் முகம் வாடிவிடும் என்று மனைவி சொல்லிவிட்டதால் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். வெள்ளைப் பந்தை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். எந்தத் தரை வழவழப்பு, எது சொரசொரப்பு என்று உருட்டிப் பார்க்கலாம் என்கிற விஞ்ஞான புத்தி.

கடையில் கூட்டம். யாரோ ஒரு குடும்பம் பாத்ரூமுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சான் கல்லாவில் இருந்தபடியே கூப்பிட்டார்.

“வாங்க மாப்ள, வாங்க. பாக்கெட்ல இன்னாது, எலுமிச்சம்பழமா? யாருக்கு மந்திரிக்கப் போறீங்க?”

குடும்பம் மொத்தமும் என் பாக்கெட்டைப் பார்த்தது. நான் பந்தை எடுத்துக் கம்பீரமாகத் தரையில் வைத்தேன். அது கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு தானாகக் கிளம்பியது. குடும்பத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து, கடை வாசலைத் தாண்டி, படியில் டக் டக்கென்று இறங்கி, சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. நான் பின்னாலேயே ஓடினேன். பந்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மச்சான் முகத்தில் பல வருடமாக நான் பார்க்காத சந்தோஷம்.

“இன்னா மச்சான், டைல்ஸ் கடைக்காரரு, உங்க தரையே கோணலா இருக்குது?”

“கோணல் இல்ல மாப்ள, வாட்டம். கழுவுன தண்ணி வெளிய போவணும் இல்ல? எல்லாரு ஊட்லயும் இருக்குது, உங்க ஊட்லயும் இருக்குது. இத்தினி நாளா இன்னா நெனப்புல நடந்துகினு இருந்தீங்க?”

“எனக்கு வாட்டம் இல்லாத தரை வேணும்.”

“அப்பிடி ஒரு தரை இந்த ஜில்லாவுலயே கெடயாது. உங்க டேபிள்ல பந்து நிக்காது மாப்ள. பேசாம ரூம கடைக்குக் குடுத்துட்டு, நீங்க போய் கேரம் போர்டு ஆடுங்க.”

நான் பதில் சொல்வதற்குள் அவர் தங்கைக்கே போன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார். குடும்பம் பாத்ரூமை மறந்துவிட்டு எங்களைப் பார்த்தது. மச்சான் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். என் மனைவி கடைசியில் போனுக்குள் கத்தினாள்.

“நிறுத்துங்க ரெண்டு பேரும்! பெரிய பேஜாரா போச்சு உங்களோட. டேபிள் வந்து எறங்குற வாரம் ஞாயித்துக்கெழம கோயில் முடிச்சு வந்து, என் எதிர்ல பந்த வெக்கட்டும். நின்னா அந்த ரூம்பு அவருக்கு. ஓடுனா உனக்குக் கடை. அப்புறம் ரூம்புனு எவனாவது வாயத் தொறந்தா பாரு.”

பத்திரம் அவள் பேரில். அப்பீல் கிடையாது.

அன்றைக்குப் பிடித்தது எனக்குக் கிலி. திரும்புகிற வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கி டீ குடித்தபோது, கடைத் தரையில் பந்தை வைத்தேன். ஓடியது. எங்கள் வீட்டு ஹாலில் வைத்தேன், வாசலுக்கு ஓடியது. அடுப்படியில் வைத்தேன், ஜலதாரைக்கு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்கிற நேரத்தில் மெதுவாகக் காலடியில் வைத்தேன். அது பெண்கள் பக்கம் போய்விட்டது. என் மனைவி கண்ணைத் திறந்து பார்த்த பார்வையை இங்கே எழுதினால் காகிதம் தாங்காது. ஆக, நான் பிறந்து வளர்ந்த உலகம் முழுவதும் சாக்கடையைப் பார்த்துச் சாய்ந்து நின்றிருக்கிறது. எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கேம்பில் பந்து ஓடவில்லையே என்று யோசித்தேன். அங்கே கம்பளம் இருந்தது. ஆகவே கம்பளம்தான் ரகசியம் என்று முடிவு கட்டினேன். பயந்த மூளை இப்படித்தான் வேலை செய்யும். மனைவியிடம் சொன்னேன்.

“கம்பளமா? அத்த எப்பிடிக் கழுவுவ?”

“கழுவ வேணாம். மிஷின் இருக்குது, தூசிய உறிஞ்சிடும்.”

“அதுக்குப் பேரு கழுவுறதா? சனிக்கெழம தண்ணி ஊத்திக் கழுவாத தரைல நான் கால வெக்கமாட்டேன். எலி குட்டி போட்டா நீயே பேர் வெச்சுக்கோ.”

நல்ல மூடில் இருந்தால் ‘நீங்க’, இல்லாவிட்டால் ‘நீ’. அந்த மாதம் முழுவதும் ‘நீ’தான்.

மரத்தரை என்றேன். தண்ணீர் ஊற்றினால் ஊறிப்போகும், ஊற்றாவிட்டால் கரையான் வரும் என்றாள். கிரானைட் என்றேன். சமாதிக்குப் போடுவதை வீட்டுக்குள் போடாதே என்றாள். சிவப்பு சிமெண்ட் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து போனாள். மிச்சம் இருந்தது டைல்ஸ். டைல்ஸ் இருந்த இடம் எதிரியின் கடை.

அங்கேதான் என் கிலி உச்சத்துக்குப் போனது. தோற்க வேண்டியவனுக்கு ஜெயிக்க வேண்டியவன் சரக்கு கொடுக்கிறான். வளைந்த டைல்ஸாகப் பார்த்துத் தள்ளிவிட்டால்? இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். மச்சான் கடை வாசலில், நல்ல வெயிலில், பெட்டி பெட்டியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஜோடி சேர்த்து, கண்ணுக்கு நேராகத் தூக்கி, நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர், கல்யாணப் பொருத்தம் பார்க்கிறேனா என்று கேட்டார்.

மச்சான் நாற்காலியை வாசலுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். “பாருங்க மாப்ள, நல்லாப் பாருங்க. பேன் இருந்தாலும் இருக்கும்.”

“உங்க கடை சரக்கு, சொல்ல முடியாது மச்சான்.”

“சரக்குல ஒண்ணும் இல்ல. தலைலதான். ஏய், அவருக்கு ஒரு மோர் குடுங்கப்பா, வெயில்ல மூள கொதிக்குது.”

மோரைக் குடிக்கவில்லை. தாகம் தொண்டையைக் கிழித்தது, இருந்தாலும் குடிக்கவில்லை. சாம்பல் நிறத்தில், பளபளப்பு குறைவான ரகமாகப் பொறுக்கி எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

தரை போட வந்த மேஸ்திரி மண்டகப்பட்டுக்காரர். செங்கல், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மலையைக் குடைந்து கோயில் செய்த ஊர் தங்களுடையது என்பதைப் பேச்சுக்குப் பேச்சு சொல்வார். ராஜா குடைந்த அன்று இவர்தான் மட்டம் பிடித்துக் கொடுத்தார் போலிருக்கும். அவரிடம் தெளிவாகச் சொன்னேன்.

“மேஸ்திரி, இந்த ரூம்ல வாட்டம் கூடாது. துளிகூடக் கூடாது.”

“சரிங்க.”

“தண்ணி ஊத்துனா குளம் மாதிரி அப்பிடியே நிக்கணும்.”

“சரிங்க.”

அந்த இரண்டு ‘சரிங்க’வும் ஒரே மாதிரி இருந்தபோதே நான் உஷாராகியிருக்கவேண்டும். ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் தரை சமமா என்று காட்டுகிற ஒரு புது ரசமட்டத்தோடு, வாசல்படியிலேயே காவல் உட்கார்ந்தேன். ரசமட்டத்தில் இருக்கிற அந்தக் குமிழியை அப்படிப் பார்த்தது நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேஸ்திரி ஒரு கல் வைத்தால் நான் ஒரு தடவை மட்டம் வைப்பேன். அவர் பெருமூச்சு விடுவார். நான் மறுபடி வைப்பேன். ஒரு கட்டத்தில் அவர், “அண்ணே, நீங்க ஒண்ணு பண்ணுங்க, நீங்க போடுங்க, நான் ஒக்காந்து பாக்கறேன்” என்றார்.

மத்தியானம் கடையில் லாரிக்காரன் ஒருவன் டயர் வெடித்துவிட்டது என்று என் ஆளிடம் கத்துகிறான் என்று போன் வந்தது. போனேன். கத்தினேன், கத்தல் வாங்கினேன். திரும்பி வந்தபோது சாயங்காலம். அறை முடிந்திருந்தது. மேஸ்திரி மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு, வேலை முடித்த களையோடு உட்கார்ந்திருந்தார்.

கலவை இறுகிய பிறகு அவரே ஒருநாள் வந்து, என் மனைவியைக் கூப்பிட்டு, குடம் தண்ணீரை அறை நடுவில் கவிழ்த்தார். தண்ணீர் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. கூட்டமாகக் கிளம்பி மூலைக்குப் போய், சுவரில் இருந்த ஒரு துளை வழியாகத் தோட்டத்துக்கு இறங்கியது. அந்தத் துளையை நான் கேட்கவே இல்லை. குழாய்த் துண்டு செருகி அழகாகப் பூசியிருந்தார்.

“பாத்தீங்களா? ஒரு சொட்டு நிக்கல!” மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார், பாராட்டுக்காக.

“நல்லா போட்டிருக்கீங்க மேஸ்திரி” என்றாள் என் மனைவி. நிஜமாகவே மகிழ்ந்துதான் சொன்னாள்.

நான் மேஸ்திரி மேல் பாய்ந்தேன். “வாட்டம் வேணாம்னு சொன்னனா இல்லியா? சொன்னனா இல்லியா?”

“சொன்னீங்க. கோவத்துல சொல்றீங்கனு நெனச்சேன்.”

“கோவத்துலயா?”

“பின்ன? ஊடு கட்டுறவரு எவராவது வாட்டம் வேணாம்னு நெசமா சொல்வாரா? நாளிக்கு உங்க ஊட்ல தண்ணி நிக்குதுனா என் பேருதான கெட்டுப்போவும். ஈசானி மூலைக்குத்தான் குடுத்திருக்கறேன், ராசியான மூலை.”

“யோவ், நாங்க வேதக்காரங்கய்யா!”

“தண்ணிக்கு வேதம் கெடயாதுங்க.”

அவர் கையிலிருந்த மட்டப்பலகையைப் பிடுங்கினேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. மனைவி அதை என் கையிலிருந்து பிடுங்கி அவரிடம் கொடுத்தாள். அவர் போகும்போது வாசலில் நின்று, “உங்க ஊட்டுக்காரர டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா, பிபி இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெயர்த்தெடுக்க நேரம் இல்லை. அடுத்த நாளே மேசை வந்துவிட்டது. லாட்ஜ் ஆட்கள் கல் பலகையைத் தெய்வமே தெய்வமே என்று முனகிக்கொண்டு தூக்கி வந்து, கால்களை நிறுத்தி, பலகையைப் பூட்டி, பச்சைத் துணியை இழுத்துக் கட்டினார்கள். எனக்கு ஒரே பயம். இவர்கள் பந்தை எடுத்து வைத்துவிட்டால்? தரை சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, வெளியே சொல்லி, அது எப்படியாவது விழுப்புரத்துக்குப் போய்விட்டால்? துணி கட்டி முடிந்ததுமே அவர்களைக் கிளப்பினேன்.

“இன்னும் வேலை இருக்குது சார்” என்றான் அவர்களில் மூத்தவன்.

“ஒரு வேலையும் இல்ல. போதும். ஜல்தி கெளம்புங்க.”

“இல்ல சார், கீழ வந்து...”

“கீழ ஒண்ணும் பாக்காத! கீழ நல்லாதான் இருக்குது! கெளம்பு!”

அவன் கீழே பார்த்தான். நான் அவன் பார்வைக்குக் குறுக்கே போய் நின்றேன். என்ன நினைத்தானோ, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கதவைச் சாத்திவிட்டுப் பந்தை வைத்தேன். ஓடியது. மேசையின் நடுவில் வைத்தேன், ஓடியது. சபிக்கப்பட்ட அந்த மூலைப் பக்கமே, அவசரம் இல்லாமல், வீட்டுக்குப் போகிற மாடுபோல ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வரை தினமும் அதை வைத்துப் பார்த்தேன். ஒருநாள் சோர்ந்து நிற்கும் என்று எதிர்பார்த்தேன். பந்து சோரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஒரு கையில் டேப், இன்னொரு கையில் உறை போட்ட நீளமான ரசமட்டம். வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் சுவரை அளந்து, ஷெல்ப் எங்கே வரும் என்று விரலால் கோடு போட்டார். என் மனைவி கறிக்குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“வை” என்றாள்.

வைத்தேன். எல்லோரும் பார்த்தோம். பந்து கிளம்பி, மூலைப் பைக்குள் பொத்தென்று விழுந்தது.

மச்சான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்ப மரியாதையாக, “பரவால்லீங்க மாப்ள, நல்லா ஓடுது பந்து” என்றார். பிறகு அவருக்கு அது போதவில்லை. எவ்வளவு மோசம் என்று எனக்குக் கணக்கோடு காட்ட ஆசை வந்துவிட்டது. ரசமட்டத்தை உறையிலிருந்து உருவிப் பச்சைத் துணி மேல் வைத்தார். குமிழி ஓரத்தில் போய் ஒண்டியிருந்தது. “பாருங்க, பாருங்க” என்று மேசைக் காலடியில் குனிந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாது இது?”

மேசையின் கால் அடியில் பித்தளைக் கிண்ணம்போல ஒரு மூடி. அவர் அதைத் தட்டினார், மேலே ஏறிக்கொண்டது. உள்ளே விரல் தடிமனுக்கு ஒரு திருகு. அடுத்த காலைத் தட்டினார். அதிலும் திருகு. என் கண் அதன் மேல் விழுந்த அந்த நொடியில், லாட்ஜ் ஆள் கீழே என்று எதைச் சொல்ல வந்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. மச்சானுக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது, மட்டம் இல்லாத ஒரு பொருளும் அதை மட்டமாக்க ஒரு திருகும்தான். காலம் முழுக்க டைல்ஸோடு வாழ்ந்த மனுஷன். குமிழி ஓரத்தில் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

நான் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனம் அப்போது செய்தேன்.

“அத்தத் தொடாதீங்க மச்சான். உங்களுக்கு அதெல்லாம் தெரியாது. கெட்டுப்போயிடும்.”

“எனக்குத் தெரியாதா?” அவர் சட்டைக் கையை மடித்தார். “மட்டம் எனக்குத் தெரியாதா? ஒரு ஸ்பேனர் எடுத்தா. ஜாக்கி எடுத்தா உன் கடையிலேந்து.”

‘ங்க’ போய்விட்டது. நான் ஓடிப்போய் ஜாக்கியும் ஸ்பேனரும் கொண்டுவந்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “வேணாம் மச்சான், ரூம்தான் உங்களுக்கு வந்துடுச்சே, விட்டுடுங்க” என்று கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச அவர் மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே போனார். ஒவ்வொரு காலாகத் தூக்கினார், திருகினார், வெளியே வந்து குமிழியைப் பார்த்தார், திட்டினார், மறுபடி உள்ளே போனார். இஸ்திரி சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. “எவன்டா போட்டான் இந்தத் தரைய” என்று ஒருமுறை உள்ளேயிருந்து குரல் வந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, யாரும் போகவில்லை.

கடைசியில் அவர் ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தார், குறுக்கே வைத்தார். இரண்டு தடவையும் குமிழி நடுவில் நின்றது. எழுந்து இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்க, “இப்ப வையா உன் பந்த!” என்றார்.

வைத்தேன். நின்றது. வேறு இடத்தில் வைத்தேன். அங்கேயும் நின்றது.

“நின்னுடுச்சு” என்றாள் என் மனைவி.

மச்சான் பந்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். ரசமட்டத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனார். திண்டிவனத்துக் கிளையை வேறு ரோட்டில் வாடகைக்கு எடுத்துத் திறந்தார். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை.

அறை எனக்கு வந்தது. தரை இன்றைக்கும் அந்த மூலையைப் பார்த்துச் சாய்ந்துதான் இருக்கிறது. மேசை மட்டமாக நிற்கிறது. அதை மட்டம் செய்தவர் அவர்.